பழைய துணி, கைமாறிய தொட்டில்: அதிகம் வாங்காமல் பிள்ளை வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்த மறுவாரம், தஞ்சாவூரிலிருந்து அக்கா ஓர் அட்டைப்பெட்டியைப் பேருந்தில் போட்டுவிட்டாள். கயிற்றை அறுத்துத் திறந்ததும் குப்பென்று அந்துருண்டை வாசம். உள்ளே அவள் பையனுக்குப் போட்ட ஜப்லாக்கள், காது மறைக்கும் குல்லா, வெளுத்துப்போன துண்டுகள், ஒரு கொசுவலைக் குடை, மூன்று சக்கர நடைவண்டி. அம்மா ஒரு ஜப்லாவை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "புதுசு எதுவும் வாங்கிடாதேடி. முதல்ல பழசுதான் போடணும்."

பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடாமல், நன்றாக வளர்ந்த ஒரு பிள்ளையின் துணியைக் கேட்டு வாங்கிப் போடுவது நம் வீடுகளில் பழக்கம். புண்ணியாஜனமோ பதினாறாம் நாளோ கழிந்துதான் புதுசு. ஆயுசுக்கு என்பார்கள். பத்து முறை துவைத்த பருத்தியில் கஞ்சியும் இருக்காது, ஒட்டாத சாயமும் இருக்காது என்பது எனக்குப் போதுமான காரணம். அரதப் பழசான இந்த வழக்கத்துக்கு இப்போது சுற்றுச்சூழல் என்று ஒரு பெயர் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஆனால் பழசு எல்லாமே நல்ல பழசு இல்லை. அந்த அந்துருண்டை வாசத்தைக் கும்பிடு போட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டியிருந்தது. ஏன் என்று துணிப் பகுதியில் சொல்கிறேன். இரண்டு வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட விதி ஒன்றுதான்: எந்தப் பொருளின் கடந்த காலம் கண்ணுக்குத் தெரிகிறதோ அதைத் தைரியமாக வாங்கலாம். கடந்த காலத்தை உள்ளே ஒளித்து வைத்திருக்கும் பொருளை, சும்மா கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும்.

படி 1: பட்டியலைச் சுருக்குங்கள்

கடைக்காரர் கொடுக்கும் 'நியூபார்ன்' பட்டியலைத் தூரப் போடுங்கள். தமிழ்நாடு அரசு 2015இல் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்காகத் தொடங்கிய பரிசுப் பெட்டகத்தில் மொத்தம் 16 பொருட்கள். துண்டு, உடை, சிறு மெத்தை, கொசுவலை, நாப்கின், எண்ணெய், சோப்பு, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்கு லேகியம் என எல்லாம் ஒரே பையில் அடங்கிவிடும். முதல் மாதத்துக்கு அதற்கு மேல் பெரிதாக எதுவும் வேண்டாம்.

குழந்தை சுமார் 3 கிலோவில் பிறந்து ஐந்தாறு மாதத்தில் இரண்டு மடங்காகவும், ஒரு வயதில் மூன்று மடங்காகவும் ஆகிறது. அதனால் முதல் அளவுச் சட்டை ஆறு வாரம் உடம்பில் இருந்தால் அதிகம். கைமாறி வரும் துணி பெரும்பாலும் புதுசு போல இருப்பதற்கு இதுதான் காரணம். நான் வைத்திருந்த கணக்கு: முன்பக்கம் முடிச்சுப் போடும் ஜப்லா 8, மெல்லிய துண்டு 6, சுற்றிவைக்கப் பழைய வேட்டித் துணி 6, குல்லா 2. காலணி ஒன்றுகூட இல்லை. நடக்காத பிள்ளைக்குச் செருப்பு எதற்கு?

படி 2: கேட்கக் கூச்சப்படாதீர்கள்

பிறக்கும் முன்னால் எதுவும் வாங்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னால் சண்டை போட வேண்டாம். கேட்டு வைப்பதற்கு அந்தத் தடை இல்லையே. ஆறாம் மாதத்திலேயே சொல்லி வைத்துவிட்டால் பரணில் கிடப்பது இறங்கத் தொடங்கும்.

கேட்கும் வரிசை முக்கியம். முதலில் சொந்தக்காரர்கள், பிறகு கூடப் படித்தவர்கள், வேலை செய்பவர்கள், பிறகு அடுக்ககத்து வாட்ஸ்அப் குழு, கடைசியாக ஓ.எல்.எக்ஸ். போன்ற இடங்கள். விலை ஒரு பக்கம் இருக்கட்டும், பொருளின் வரலாறு தெரிந்தவர் முன்னால் நிற்பதுதான் இந்த வரிசைக்குக் காரணம். முன்பின் தெரியாதவரிடம் வாங்கும்போது நான் கேட்கும் கேள்விகள் இவை: எந்த வருஷம் வாங்கியது, எத்தனை பிள்ளைகள் உபயோகித்தார்கள், எங்கே வைத்திருந்தீர்கள், எதையாவது மாற்றினீர்களா அல்லது ஒட்டினீர்களா. நான்காவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் ஒரு சின்ன மௌனம் வரும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். யார் கொடுத்தது, திருப்பிக் கேட்டார்களா, சும்மா கொடுத்தார்களா என்று அன்றைக்கே எழுதுங்கள். குழந்தை பிறந்த பிறகு உங்களுக்கு உங்கள் போன் நம்பரே ஞாபகம் இருக்காது. கொடுத்த தொட்டிலைத் திருப்பித் தரவில்லை என்று பத்து வருஷம் பேசாமல் இருக்கும் நாத்தனார்களை நான் பார்த்திருக்கிறேன்.

படி 3: வாசலிலேயே மூன்று கேள்வி

பொருள் வீட்டுக்குள் வருவதற்கு முன்: இதைக் கொதிக்க வைக்க முடியுமா? வெயிலில் காயப்போட முடியுமா? பிரித்துப் பார்க்க முடியுமா?

மூன்றில் ஒன்றுக்காவது ஆமாம் என்று பதில் வந்தால் மேற்கொண்டு யோசிக்கலாம். பருத்தித் துணி, எவர்சில்வர் பாலாடை, கண்ணாடிப் பாட்டில், மரக்கட்டில், ஸ்க்ரூ கழற்றக்கூடிய வண்டி எல்லாம் தேறிவிடும். ஒன்றுக்கும் ஆமாம் வரவில்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அடைத்துத் தைத்த பஞ்சுப் பொருள், விபத்தில் சிக்கியதா என்று தெரியாத கார் சீட், ஹெல்மெட், பாட்டிலின் ரப்பர் காம்பு, உறிஞ்சும் குழாய் உள்ளே அடைத்துக்கொண்ட பழைய தாய்ப்பால் பம்ப் ஆகியவை இந்த ரகம்.

படி 4: துணி, அந்துருண்டை

இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பழைய துணியில் கறை இருந்தால் பார்த்துப் பார்த்துத் துவைப்பார்கள். வாசத்தைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அந்துருண்டை பெரும்பாலும் நாப்தலீன். அது ஆவியாகித் துணியில் ஏறும். அந்தத் துணியைச் சுற்றினால் மூச்சிலும் தோலிலும் குழந்தைக்குள் போகும். 'ஜி6பிடி' என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இது சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சள் காமாலையையும் ரத்தசோகையையும் கொண்டுவரும். ஆண் குழந்தைகளிடம் இந்தக் குறைபாடு அதிகம். உங்கள் பிள்ளைக்கு அது இருக்கிறதா என்பது பிறந்த வாரத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு குறைவு. ஆகவே எல்லோரும் தவிர்ப்பதுதான் சரி. உருண்டையே கையில் கிடைத்து வாயில் போட்டால் இன்னும் ஆபத்து. கற்பூரமும் அதற்கு மாற்று இல்லை, அதுவும் குழந்தைக்கு விஷம்தான்.

அக்காவின் பெட்டியை நான் கையாண்ட முறை இது. முதலில் பெட்டியின் மூலை முடுக்கு, சட்டைப் பை, மடிப்பு எல்லாம் உதறி உருண்டைத் துண்டுகளைப் பொறுக்கி வெளியேற்றினேன். துணிகளை நான்கு நாள் மொட்டைமாடிக் கொடியில், காற்று அடிக்கும் பக்கம் தொங்கவிட்டேன். பிறகு வெந்நீரில் சாதாரண சோப்புத்தூள் போட்டு ஒரு முறை, ஒரு நாள் விட்டு இன்னொரு முறை துவைத்தேன். காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தேன். வாசம் போகாத ஒரு கம்பளியையும் ஒரு கனத்த துப்பட்டியையும் கால்மிதியாக வெட்டிவிட்டேன். அக்காவுக்கு வருத்தம்தான். அது அவள் பையன் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது சுற்றி வந்த துப்பட்டியாம்.

அடுத்தது தையல். கழுத்தில் இழுத்துக் கட்டும் நாடா இருந்தால் உருவி எறியுங்கள். பொத்தானைச் சுண்டி இழுத்துப் பாருங்கள். காலுறையையும் கையுறையையும் உள்பக்கம் வெளியே திருப்புங்கள். அங்கே தொங்கும் ஒரு நூலிழை குழந்தையின் விரலில் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்று விரல் வீங்கிவிடும். காரணமில்லாமல் வீறிட்டு அழும் குழந்தையின் கால் விரல்களைப் பிரித்துப் பார் என்று அனுபவப்பட்ட செவிலியர்கள் சொல்வது இதனால்தான்.

டெட்டால் ஊற்றி அலச வேண்டியதில்லை. சோப்பும் வெயிலும் போதும். வாசனைக்கென்று ஊற்றும் கண்டிஷனரும் வேண்டாம்.

படி 5: தூங்கும் இடம்

எங்கள் பக்கம் தொட்டில் என்போம், சென்னையில் தூளி, வடமாவட்டங்களில் ஏணை. நூல்சேலை ஒன்றும் கூரைக் கொக்கியும் இருந்தால் போதும், உலகத்திலேயே மலிவான தொட்டில் தயார். ஆனால் குழந்தை நல மருத்துவர்கள் உறுதியான, தட்டையான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்கிறார்கள். தூளியில் முதுகு வளையும், தாடை நெஞ்சில் படும், மூச்சு தடைப்படலாம். இரண்டையும் வைத்துக்கொண்டு நான் போட்ட உடன்பாடு: பகலில், ஒருவர் கண் பார்வையில் இருக்கும்போது மட்டும் தூளி. இரவு தரையில் கோரைப்பாய், அதன்மேல் இறுக்கி விரித்த பருத்தி விரிப்பு. தலையணை கிடையாது, கடுகுத் தலையணையும் கிடையாது. மருத்துவர் பேச்சை மட்டும் கேட்பதென்றால் பகலுக்கும் பாய்தான். அதில் நான் தவறென்று சொல்ல ஏதுமில்லை.

தூளி கட்டுவதானால் பட்டும் சிந்தெடிக்கும் வேண்டாம், முடிச்சு வழுக்கும். சேலையை வெளிச்சத்தில் விரித்து நைந்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டியபின் ஒரு அரிசி மூட்டையை வைத்து ஆட்டிப் பாருங்கள். குழந்தை புரளவோ எழுந்து உட்காரவோ எத்தனித்த நாளோடு தூளிக்கு விடை கொடுங்கள். உபயோகிக்காத நேரத்தில் அவிழ்த்து மடித்து வைத்துவிடுங்கள். வீட்டிலிருக்கும் பெரிய பிள்ளைகள் அதில் ஏறிச் சுழன்று கழுத்து இறுகிய செய்திகள் நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன.

மரக்கட்டில், மரத்தொட்டில் கிடைத்தால் நான்கு விஷயம் பாருங்கள். முதலாவது பெயின்ட். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2016இல் வந்து 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பளபளக் கட்டிலில் பல் முளைக்கும் பிள்ளை என்ன செய்யும்? விளிம்பைக் கடிக்கும். பெயின்ட் அடிக்காத பழைய தேக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். உரிந்த பெயின்ட் என்றால் நீங்களே உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அந்தத் தூசி இன்னும் மோசம். இரண்டாவது கம்பி இடைவெளி. ஸ்கேல் வைத்து அளந்தால் 6 செ.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அபாயம். மூன்றாவது, ஒரு பக்கம் மேலும் கீழும் இறங்கும் கட்டில் வேண்டாம். பக்கச் சட்டம் கழன்று குழந்தைகள் இறந்ததால் அமெரிக்கா 2011இல் அந்த வகையையே தடை செய்தது. நான்காவது மெத்தை. விளிம்புக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டு விரல் நுழைந்தால் அந்த மெத்தை சிறியது. நடுவில் குழி விழுந்த பழைய இலவம் பஞ்சு மெத்தை பெரியவர்களுக்குச் சுகம், கைக்குழந்தைக்கு ஆகாது.

படி 6: துணி டயப்பர்

பணமும் குப்பையும் அதிகம் மிச்சமாகும் இடம் இது. அலுப்பும் இங்கேதான்.

பிறந்த குழந்தைக்கு ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை மாற்ற வேண்டும். முதல் இரண்டு மாதத்துக்குக் கடை டயப்பரே தேவையில்லை. பழைய வேட்டியைச் சதுரமாகக் கிழித்து, முக்கோணமாக மடித்து, அரைஞாண் கயிற்றில் செருகிவிடுவார்கள் எங்கள் பாட்டி. ஊக்கு கிடையாது. நனைந்தது உடனே தெரியும், உடனே மாற்றலாம், புண் வராது. முப்பது துண்டு வைத்துக்கொள்ளுங்கள். தாத்தாவின் பழைய எட்டு முழ வேட்டி இரண்டு இருந்தால் முடிந்தது வேலை.

வெளியே போகவர ஆரம்பித்ததும், நீர் புகாத வெளியுறைக்குள் பட்டையைச் செருகும், பொத்தான் வைத்த பாக்கெட் டயப்பர் வசதி. இதைக் கைமாறி வாங்கும்போது:

- கால் பக்க எலாஸ்டிக்கை இழுத்து விடுங்கள். தொளதொளவென்று நின்றால் கசியும். எலாஸ்டிக் மட்டும் மாற்றித் தைக்கத் தெரிந்தால் பாதி விலைக்குப் பேசலாம்.
- வெளியுறையின் உள்பக்கத்தில் ஒரு மெல்லிய நீர்த்தடுப்புப் படலம் இருக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் தேய்த்துப் பாருங்கள். காகிதம் போலச் சரசரத்தால், கொப்புளம் தெரிந்தால், அது உரியத் தொடங்கிவிட்டது.
- உள்ளே வைக்கும் பஞ்சுப்பட்டையில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்ச வேண்டும். முத்து முத்தாக நின்றால் கண்டிஷனரோ க்ரீமோ படிந்திருக்கிறது. காய்ந்த துணியிலேயே மூத்திர நெடி அடித்தால் துவைத்த லட்சணம் அவ்வளவுதான்.

துவைக்கும் முறை. ஆய் இருந்தால் முதலில் கழிவறையில் தள்ளி, ஹெல்த் ஃபாசெட்டால் பீய்ச்சி அலசுங்கள். மூத்திரத் துணியையும் ஒரு முறை பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழிந்து, ஓட்டைக் கூடையில் காற்றோட்டமாகப் போட்டு வையுங்கள். வாளித் தண்ணீரில் நாள் முழுக்க ஊறப்போடும் பழக்கத்தை விடுங்கள். எலாஸ்டிக் கெடும், நாற்றம் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, தவழும் பிள்ளை தலைகுப்புற விழ அரை வாளித் தண்ணீர் போதும். இரண்டு நாளைக்கு ஒருமுறை மொத்தமாக, வெந்நீரில், சோப்புத்தூளைக் கஞ்சத்தனம் பண்ணாமல் போட்டு, மெஷின் நிறையும் அளவுக்குத் துவைத்து, கூடுதலாக ஒரு அலசல் விடுங்கள். உப்புத் தண்ணீர் வீடுகளில் சோப்புப் படிவு அதிகம், இரண்டு அலசல் வேண்டும். பூந்திக்கொட்டை பட்டுச்சேலைக்கு நல்லது. இந்த வேலைக்கு அது பத்தாது, முயன்று பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

பட்டைகளை உச்சி வெயிலில் போடுங்கள், மஞ்சள் கறை தானாக வெளுக்கும். வெளியுறைகளை நிழலில் காயப்போடுங்கள், வெயிலில் படலம் இறந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எதுவும் காயாது. என் வீட்டில் ஹாலின் குறுக்கே இரண்டு கொடி, மேலே மின்விசிறி, உள்ளே வருபவர்கள் குனிந்துதான் வர வேண்டும். அந்த இரண்டு மாதத்துக்காகவே 24க்குப் பதில் 30 பட்டை வைத்திருந்தேன்.

துணி டயப்பர் உண்மையில் சுற்றுச்சூழலுக்கு நல்லதா? இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை 2008இல் வெளியிட்ட ஆய்வு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அது யாரையும் தாலாட்டவில்லை. இரண்டரை ஆண்டுக்குத் தூக்கியெறியும் டயப்பரால் சுமார் 550 கிலோ கரியமில வாயு, துணியால் சுமார் 570 கிலோ. அதாவது வித்தியாசமே இல்லை! ஆனால் மெஷின் நிறையத் துவைத்து, கொடியில் உலர்த்தி, அடுத்த குழந்தைக்கும் அதையே உபயோகித்தால் துணியின் பங்கு சுமார் 40 சதவீதம் குறைகிறது. டிரையரில் உலர்த்தினால் எல்லாம் போச்சு. நமக்கு வெயில் இனாம், இரண்டாவது பிள்ளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ எப்படியும் உண்டு. புதுசாக அழகழகான டிசைனில் நாற்பது வாங்கி அடுக்கினால் மட்டும் அந்தக் கணக்கு உதைக்கும்.

'மூங்கில் துணி' என்று விலை ஏற்றி விற்பார்கள். அதில் பெரும்பாலானது மூங்கில் கூழை ரசாயனத்தில் கரைத்து இழுத்த ரேயான்தான். மிருதுவாக இருக்கும், தவறில்லை. இயற்கை என்று நம்பிக் கூடுதல் பணம் தராதீர்கள். 'மக்கும் டயப்பர்' என்பதும் அப்படித்தான். கொடுங்கையூர், பெருங்குடி மாதிரிக் குப்பைமேட்டில் காற்றும் புகாமல் அமுங்கிக் கிடப்பது எப்படி மக்கும்?

பயணத்திலும், சில இரவுகளிலும் நானும் தூக்கியெறியும் டயப்பர் போட்டிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்று என்றால் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஆயைக் கழிவறையில் தள்ளிவிட்டு, செய்தித்தாளில் இறுகச் சுற்றித் தனியாகக் கொடுங்கள். திடக்கழிவு விதிகளே இப்படிச் சுற்றித்தான் கொடுக்கச் சொல்கின்றன. தூய்மைப் பணியாளர் அதைக் கையால் எடுக்கிறார். கொளுத்துவது கூடவே கூடாது.

இவை எல்லாவற்றையும்விடக் குறைந்த செலவில் ஒரு வழி. நாலைந்து மாதத்தில் கழுத்து நின்றதும், பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கும் நடுவே குழந்தையை உட்காரவைத்து 'ஸ்ஸ்ஸ்' என்பார்கள். காலையில் எழுந்ததும், பால் குடித்த பிறகும் இரண்டு முறை செய்தால் போதும். ஒரு வாரத்தில் எங்கள் வீட்டு ஆய்த்துணிக் கணக்கு பாதிக்கு வந்தது. அம்மா ஊருக்குப் போனதும் என் முட்டி ஒத்துழைக்கவில்லை, அது வேறு கதை.

படி 7: வண்டியும் பயணமும்

ஸ்ட்ரோலரை வீட்டு ஹாலில் தள்ளிப் பார்த்து வாங்காதீர்கள். நான் பார்த்த முதல் வண்டியை அடுக்ககத்துக் கார் நிறுத்தத்தின் சரிவில் ஐந்து கிலோ அரிசிப் பையோடு நிறுத்தி, பிரேக் போட்டுக் கையை எடுத்தேன். நின்றது, ஒரு கணம் யோசித்தது, பிறகு மெதுவாக இறங்கத் தொடங்கியது. விற்க வந்தவரும் நானும் சேர்ந்து ஓடிப்பிடித்தோம். மடக்கும் பூட்டைப் பத்து முறை மடக்கி விரியுங்கள். இடுப்பு வாரும் தொடை நடுவே வரும் வாரும் கண்டிப்பாக இருக்க வேண்டும். மெத்தை உறை கழன்று துவைக்க வர வேண்டும். உள்ளதைச் சொன்னால், நம் ஊர் நடைபாதையில் ஸ்ட்ரோலர் தள்ளுவதைவிட இடுப்பில் தூக்குவது சுலபம். கிடைத்தால் வாங்குங்கள், தேடிப் போகாதீர்கள்.

சுமக்கும் பையின் தோள்பட்டைத் தையலையும் கொக்கியையும் இரண்டு பேர் இழுத்துப் பார்க்க வேண்டும். குழந்தையின் முகம் எப்போதும் தெரிய வேண்டும். குனிந்தால் உச்சியில் முத்தமிடும் உயரம் சரி.

கார் சீட் மட்டும் புதுசு, அல்லது விபத்தே நடக்கவில்லை என்று நீங்கள் கண்ணால் பார்த்த கூடப்பிறந்தவரின் சீட். ஒரு மோதலில் பிளாஸ்டிக்குள் விழும் கீறல் வெளியே தெரியாது. அடிப்பக்கத்தில் தயாரித்த தேதி அச்சாகியிருக்கும், பெரும்பாலான நிறுவனங்கள் ஆயுளைக் குறித்திருக்கும். அதைத் தாண்டியிருந்தால் வேண்டாம்.

பைக்கில் கூட்டிப்போவதானால் 2023 பிப்ரவரி 15 முதல் நடைமுறையில் உள்ள மத்திய விதி, நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஓட்டுநரோடு இணைக்கும் பாதுகாப்பு வாரும், ஒன்பது மாதம் தாண்டியவர்களுக்கு ஹெல்மெட்டும் கேட்கிறது. வேகம் 40 கி.மீ.க்குள். வாரைத் தையல் பார்த்துக் கைமாறி வாங்கலாம், ஹெல்மெட்டை அப்படி வாங்கவே கூடாது.

படி 8: பால் பாத்திரம்

எவர்சில்வர் பாலாடையும் சங்கும் தலைமுறை தாண்டி வருபவை. குறைமாதக் குழந்தைகளுக்கு நம் மருத்துவமனைகளில் இன்றும் பாலாடையில்தான் புகட்டுகிறார்கள். கழுவிப் பத்து நிமிடம் கொதிக்க வையுங்கள். சங்கின் மூக்குக்குள் பால் உறைந்து நிற்கும், வெளிச்சத்தில் பாருங்கள். பாட்டியின் ஈயச்சொம்பு ரசத்துக்கு ஆகட்டும், பிள்ளைக்கு அதில் எதுவும் காய்ச்ச வேண்டாம். வெள்ளீயத்தில் காரீயம் கலந்திருந்தால் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

பாட்டில் வேண்டியிருந்தால் கண்ணாடி அல்லது எவர்சில்வர் உடல், காம்பு மட்டும் புதுசு. கீறல் விழுந்த பழைய பிளாஸ்டிக் பாட்டில் எந்தப் பிராண்டாக இருந்தாலும் வேண்டாம். பாட்டில் விளம்பரத்தையே நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது என்பதையும் சொல்லி வைக்கிறேன், பரிசாக வந்து குவியும்போது ஞாபகம் வரட்டும்.

பம்ப் வாங்குவதானால் அது மூடிய அமைப்பா திறந்த அமைப்பா என்று கேளுங்கள். திறந்ததில் பால் ஆவி மோட்டார் வரை போய்ப் பூஞ்சை பிடிக்கும், அதைப் பிரித்துக் கழுவவும் முடியாது. பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தவென்றே செய்த மருத்துவமனைப் பம்பை வாடகைக்கு எடுத்து, குழாய், வால்வு, மார்பில் வைக்கும் பகுதியை மட்டும் புதிதாக வாங்குவது நல்லது.

படி 9: பொம்மை

கர்நாடகத்தின் சன்னபட்டண மரப்பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. வெட்பாலை மரத்தைக் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றுவார்கள். கைமாறி வந்தாலும் ஈரத்துணியால் துடைத்தால் போதும். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீட்டுப் பொம்மைகளுக்கும் விலக்கு உண்டு. அதனால் முத்திரை இல்லாத மரப்பொம்மையைச் சந்தேகப்பட வேண்டாம், முத்திரை இல்லாத பழைய பிளாஸ்டிக்கைச் சந்தேகப்படுங்கள்.

3.2 செ.மீ. குறுக்களவுள்ள குழாய்க்குள் நுழையும் எதுவும் மூன்று வயதுவரை கையில் தரக்கூடாது. சொப்புச் சாமான் அவ்வளவும் இதில் அடிபட்டுப்போகும், பரணில் வையுங்கள். பனையோலைக் கிலுகிலுப்பையை நீங்கள் ஆட்டிக் காட்டுங்கள். கடித்தால் ஓலை பிரிந்து உள்ளிருக்கும் கற்கள் வாய்க்குப் போகும். வசம்பு வளையமும் அப்படித்தான். பாட்டு பாடும், விளக்கு எரியும் பழைய பொம்மைகளில் பொத்தான் பேட்டரி இருக்கும். மூடி ஸ்க்ரூவால் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கினால் இரண்டு மணி நேரத்திற்குள் உணவுக்குழாயை அரித்துவிடும், எனவே ஒரு நிமிடம் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

உட்கார்ந்து உருட்டும் வாக்கரை யார் கொடுத்தாலும் வேண்டாம். படியில் உருண்டு தலையில் அடிபடுவது அதனால் அதிகம். கனடா 2004இல் விற்பனையையே தடை செய்துவிட்டது. அக்கா அனுப்பிய நடைவண்டிக்கு அந்தப் பேச்சே இல்லை. பிள்ளை தானாக எழுந்து நின்றால்தான் அதைத் தள்ள முடியும். சிராய் இல்லாமல் உப்புத்தாள் போட்டேன், பெயின்ட் அடிக்காத மரம் என்பதால் பயமில்லை. அச்சாணிக்கு இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டேன். அப்படியும் தெருவே திரும்பிப் பார்க்கும் சத்தம் போட்டது.

படி 10: கைமாற்றிவிடுவது

பிள்ளை ஒரு அளவைத் தாண்டிய அன்றே எடுத்துவையுங்கள். பால் கறை படிந்த துணியை அப்படியே மடித்தால் ஆறு மாதத்தில் மஞ்சளாகும், துவைத்து நன்றாகக் காய்ந்த பிறகே பெட்டிக்குப் போகட்டும். நிழலில் உலர்த்திய வேப்பிலையும் வசம்புத் துண்டும் சிறு துணியில் முடிந்து நடுவே வையுங்கள். அந்துருண்டை வேண்டாம். பழைய தலையணை உறையில் மாதவாரியாகப் பிரித்துப் போட்டு வெளியே பேனாவால் எழுதினால் தேட வேண்டியதில்லை. டயப்பர்களைப் பல வருஷம் பூட்டி வைக்காதீர்கள், உபயோகிக்காமலே எலாஸ்டிக் செத்துப்போகும்.

குறையை மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். சென்ற மாதம் பெரியம்மா மகளுக்குத் தென்காசிக்குப் பெட்டி கட்டினேன். மேலே வைத்த சீட்டில் எழுதியது: "ஜப்லா 8, மூணு பிள்ளை போட்டது. டயப்பர் பட்டை 30, நாலு சரியா உறிஞ்சாது, ராத்திரிக்குப் போடாதே. உறை 9, பச்சைக் கலருக்கு எலாஸ்டிக் புதுசா மாத்தினது. பாலாடை அம்மாவோடது, அதை மட்டும் திருப்பிக் கொடுத்துடு. நடைவண்டிக்கு எண்ணெய் விடாதே, பிள்ளை எந்த ரூமில இருக்குன்னு சத்தத்துலதான் தெரியும்."